பனித்தடம் பிடித்து நாலு பள்ளிக்கூடம்: கொடைக்கானல், 1969 ஜனவரி

ஜனவரியில் கொடைக்கானலுக்குப் போகலாமா, குளிர் தாங்குமா என்று எனக்கு எழுதிக் கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம். நான் அங்கே அஞ்சு நாள் சேர்ந்தாற்போல் தங்கியதே ஒரு ஜனவரியில்தான், 1969-இல். அதற்கு முன்னால் எத்தனையோ தடவை போனதுண்டு. போனதும் லோடு ஏற்றுவேன், ஏற்றியதும் இறங்கிவிடுவேன். ஏரிக்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்ததுகூடக் கிடையாது. தண்ணீர் பார்த்தால் மூட்டை ஏறுமா?

அந்தத் தடவை மட்டும் மூட்டைக்காகப் போகவில்லை, பிள்ளைகளைத் தேடிப் போனேன். ஊரில் இருந்த நாலு பொதுப் பள்ளிக்கூடத்திலும் தலை சாய்க்க இடமில்லாத பிள்ளைகள் யார் யார், அவர்கள் எங்கே படுத்துத் தூங்குகிறார்கள் என்று ஊர் முழுக்கச் சுற்றி ஒரு வரைபடம் போட வேண்டியிருந்தது. இப்படியும் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்து நான் போனதிலேயே பயணம் என்று சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான்.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. வத்தலக்குண்டில் உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும் வாங்கி விற்கிற சொந்த மண்டி. பன்னிரண்டு வயதில் மூட்டை தூக்க வந்த அதே தெருவில்தான் அந்த மண்டியைப் போட்டேன். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் எனக்குப் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்று இருந்தது. வடக்கு மூலையில் ஒழுகும், அடுக்கிய கிழங்கு முளைவிடும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதுசு கட்டியபிறகு அது சும்மா கிடந்தது. அந்தச் சமயம் ரோஸ்லின் என்று ஒரு டீச்சர் மூன்றே வரியில் கடிதம் போட்டார். "எங்கள் பள்ளிகளில் இரவு தங்க இடமில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் கிட்டங்கி காலியாக இருக்கிறது. இரண்டும் எனக்குத் தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன்."

எனக்குக் கடிதம் பிடித்தது. கிட்டங்கியையும் தள்ளிவிட்ட மாதிரி ஆகும், ஊரில் நாலு பேர் நல்லவன் என்றும் சொல்வார்கள். சரி என்று பதில் போட்டேன். ஆனால் சும்மா இடம் கொடுத்தால் போதாதாம். மாணவர் விடுதி என்று ஒப்புக்கொண்டு அரிசி ஒதுக்க வேண்டுமானால், எந்தப் பள்ளி, எந்தப் பிள்ளை, எங்கே தூங்குகிறது என்று பட்டியலும் வரைபடமும் வேண்டும் என்றது கல்வி ஆபீஸ். வியாழக்கிழமை ஆபீசர் நேரில் வருகிறார். நான் கிட்டங்கித் தரையை மனசிலேயே அளந்து பார்த்தேன். இருபத்தி நாலு பாய் விரிக்கலாம். அதற்கு மேல் ஒரு தலை வந்தாலும் இடமில்லை என்று டீச்சருக்கு முன்கூட்டியே எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை வெள்ளனே நாலே முக்காலுக்கு லாரியில் கிளம்பினோம். மண்டி வாசலிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் மீட்டரில் முப்பத்தி நாலு மைல். காலி லாரிக்கு மூணு மணி நேரம், லோடு லாரிக்கு நாலரை. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அப்போது ரெண்டே கால் ரூபாய். டிரைவர் சுப்பையா என்னோடு கூலியாக இருந்தவன். அதனால் என்னிடம் அவனுக்கு வாய் அதிகம்.

"மொதலாளி, கெழங்கு எண்ணப் போறோம்னுல்ல நெனச்சேன். புள்ளைய எண்ணப் போறோமாம்ல?"

"ஆமாலே."

"கெழங்குன்னா போட்ட எடத்துல கெடக்கும். புள்ள கெடக்குமா?"

"பேசாம ரோட்டைப் பாருலே."

"ரோடு எங்க இருக்கு, பாக்க?"

அவன் சொன்னதும் சரிதான். டம்டம் பாறை தாண்டியதும் மேகம் ரோட்டின் மேலேயே படுத்துக் கிடந்தது. ஊத்தில் நிறுத்தி டீ குடித்தோம், பதினைந்து காசு. கடைக்காரர் கிளாஸை நீட்டுவது தெரிந்தது, அவர் முகம் தெரியவில்லை. அதற்கு மேல் மரம் வரும், போகும். எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். பெருமாள்மலைக்குப் பக்கத்தில் எதிரே ஒரு மாட்டு மணி வந்து எங்களைக் கடந்து கீழே போனது. மாட்டையும் பார்க்கவில்லை, ஓட்டி வந்தவரையும் பார்க்கவில்லை. தூக்கத்தில் போகிற மாதிரியே செண்பகனூர் வந்து, ஊரும் வந்துவிட்டது. லாட்ஜில் ஒரு நாள் வாடகை மூன்று ரூபாய், வெந்நீர் தனி.

ரோஸ்லின் டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர் போட்டிருந்தார். பெரிய டிராயிங் பேப்பரில் ஏரியையும் ரோடுகளையும் நாலு பள்ளிக்கூடத்தையும் முன்னமே வரைந்து வைத்திருந்தார். பள்ளிக்கு ஒரு கலர் பென்சில்.

"டயம் கம்மி அண்ணாச்சி. கிளாஸ் கிளாஸா போய்க் கேட்டா ஈவினிங்குள்ள லிஸ்ட் ரெடி ஆயிரும்."

ஆளுக்கு ரெண்டு பள்ளியாகப் பிரித்துக்கொண்டோம். நான் வகுப்பு வகுப்பாகப் போய் நின்று, "உங்கள்ல வீடு இல்லாதவங்க யாருப்பா, கையைத் தூக்குங்க" என்று கேட்டேன். ஒரு கைகூட எழவில்லை. "வீடு இருக்கிறவங்க?" என்றதும் அத்தனை கையும் எழுந்தது. சந்தையில் பேசுகிற மாதிரியே பேசிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. நாலு பேர் பார்க்க எனக்கு வீடில்லை என்று எந்தப் பிள்ளை சொல்லும்? பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மெதுவாக விசாரித்தேன். "மார்க்கெட்டு பக்கம்", "அந்தாக்குல", "மாமா வீட்டுல". எந்த மாமா என்று கேட்டால் சிரிப்பு.

எட்டாம் வகுப்பில் மட்டும் ஒரு பெண் நேராகப் பதில் சொன்னாள். பேரு சிவகாமி. இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பம். மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இங்கே மலைவேலைக்கு வந்திருக்கிறார்கள். வகுப்பில் முதல் ஆள் அவள்தான், இந்த வருஷம் எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சை எழுதப் போகிறாள் என்று வகுப்பு வாத்தியார் சொன்னார்.

"எங்கம்மா இருக்க?"

"லயத்துலங்க."

என் காதில் லாயம் என்று விழுந்தது. லாயம் என்றால் குதிரை கட்டுகிற இடம். "லாயத்திலேயா படுக்கிற?" என்றேன். "ஓமுங்க, லயத்துலதான். ரெண்டாம் காம்பரா" என்றாள். காம்பரா என்றால் என்ன என்று கேட்கவில்லை. ஏதோ குதிரைக்காரர்கள் பாஷை என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் எழுதினேன்: சிவகாமி, எட்டாம் வகுப்பு, குதிரை லாயம். முழு நாளைக்கும் கிடைத்தது அந்த ஒரு வரிதான்.

சாயங்காலம் டீச்சரிடம், "கேட்டா கிடைக்காது டீச்சர், பார்த்தாத்தான் கிடைக்கும்" என்றேன். எப்படிப் பார்ப்பது? காலையில் ஆறேகாலுக்கே பள்ளிக்கூடச் சமையல்கட்டில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று அங்கே மதியச் சாப்பாடு ஆக்குகிற பாக்கியத்தம்மா சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. பள்ளி ஒன்பதரைக்கு. வீடு இருக்கிற பிள்ளை அந்தக் குளிரில் ஆறேகாலுக்கு ஏன் வருகிறது? அடுப்புக்காக வருகிறது. வருகிற வழியெல்லாம் புல். ஜனவரியில் அந்தப் புல்லெல்லாம் உறைபனி. மண்டியில் திருட்டுப் போன மூட்டையைச் சிந்தின தவிட்டுத் தடம் பார்த்தே ஒரு தடவை பிடித்திருக்கிறேன். அந்தப் புத்திதான் கைகொடுத்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. வாழ்க்கையில் மறக்காத காட்சி. ஏரிக்கு மேலே புகை மாதிரி மூடுபனி எழுந்து அசையாமல் நிற்கிறது. மைதானம் முழுக்க உப்புக் கொட்டிய மாதிரி வெள்ளை. அந்த வெள்ளையில் கறுப்பாக, சின்னச் சின்னதாக, ஐந்து விரலும் தெரிகிற வெறுங்கால் தடங்கள் பள்ளிக்கூடச் சமையல்கட்டை நோக்கி வந்திருக்கின்றன. ஒன்று வளைந்து வருகிறது. ரெண்டு சேர்ந்து வருகிறது. ஒன்று பாதி வழியில் நின்று, ஒற்றைக்காலில் குதித்து, மறுபடி நடந்திருக்கிறது. பிள்ளைகள் உள்ளே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தடத்தைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தோம். வெயில் ஏழரைக்கு வந்துவிடும், வந்தால் தடம் போய்விடும்.

பின்னோக்கி நடப்பது ஒரு மாதிரி இருக்கும். குதிகால் இருக்கிற பக்கமாகவே போக வேண்டும். அந்தப் பிள்ளை வந்த நேரத்துக்குள்ளேயே நாமும் திரும்பிப் போகிற மாதிரி. ஒரு தடம் பூண்டுக்கடைப் பரணில் போய் முடிந்தது. ஏணியில் ஏறிப் பார்த்தால் தொங்குகிற பூண்டுக் கட்டுக்குக் கீழே ஒரு கந்தல் கம்பளி, அதில் இன்னும் சூடு இருந்தது. ஒன்று ரொட்டி சுடுகிற கடையின் பின்சுவரில் முடிந்தது. அடுப்புச் சுவர் அது, தொட்டால் இதமாக இருக்கும். இன்னொன்று தைலம் காய்ச்சுகிற கொட்டகைக்குப் போனது. அங்கே காற்றில் யூகலிப்டஸ் வாசம் கண்ணைக் கரித்தது. டீச்சர் ஒவ்வொரு இடத்திலும் நின்று படத்தில் பச்சைக் கோடு போட்டார். பிள்ளை பேரைச் சமையல்கட்டுக்குத் திரும்பிப் போய்ப் பொருத்திக்கொண்டோம். மற்ற மூன்று பள்ளிகளுக்கும் அங்கங்கே உள்ள வாத்தியார்களை முந்தின நாளே சொல்லி இதே மாதிரி நடக்க வைத்திருந்தோம். பத்து மணிக்கு எல்லாக் கோட்டையும் சேர்த்தபோது இருபத்தியொரு பேர். பெரும்பாலும் மேல்மலைப் பிள்ளைகள். கூக்கால் மாதிரி ஊருக்கு பஸ் அபூர்வம். அதனால் ஞாயிற்றுக்கிழமை நடந்து வந்து, சனிக்கிழமை நடந்து போவார்கள். நடுவில் கிடைத்த இடத்தில் படுக்கை.

அன்று மத்தியானம் நான் மட்டும் சிவகாமியின் லாயத்தைத் தேடி ஏரிக்கரைக்குப் போனேன். குதிரைக்காரர் காதர் பாய் கொள்ளு ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், உங்க லாயத்துல ஒரு பொம்பளப் பிள்ள படுக்குதாமே?"

அவர் கை நின்றது. "யாரு சொன்னா?" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளப் பிள்ள இல்லங்க. பயலுக மூணு பேரு. கூக்கால் பயலுக. நான் என்ன செய்ய, குதிரை ஓரத்துல சூடா இருக்கும்னு வந்து ஒட்டிக்கிடறானுவ. காலையில லத்தி வழிச்சுப் போட்டுட்டு ஓடிருவானுவ. போலீசுக்குச் சொல்லிராதீங்க."

லாயத்துக்குள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். ரெண்டு குதிரைகளுக்கு நடுவே வைக்கோல் மூன்று குழியாக அமுங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு சிலேட்டு. லாயத்து வாசலிலிருந்து ரோடு வரைக்கும் கல் பாவியதால் வெளியே தடம் விழவில்லை. எங்கள் கண்ணிலும் படவில்லை. குதிரை என் தோளை முகர்ந்து பார்த்து மூச்சு விட்டது. அதற்குள் நின்றபோது எனக்கு எங்கே நிற்கிறேன் என்றே மறந்துவிட்டது. அவ்வளவு கதகதப்பு.

இருபத்தியொன்றும் மூணும் இருபத்தி நாலு. கிட்டங்கிக்குச் சரியாக இருந்தது. ஆனால் சிவகாமி எங்கே?

டீச்சரிடம் சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அண்ணாச்சி, அவ சொன்னது லயம். குதிரை லாயம் இல்ல. எஸ்டேட்ல வரிசையா கட்டின லைன் வீடு. காம்பரான்னா அதுல ஒரு ரூம். அவளுக்கு வீடு இருக்குன்னு அர்த்தம்." சொல்லிக்கொண்டே என் நோட்டில் சிவகாமியின் பேரை அடித்தார்.

நான் செய்த தப்பால் யாரும் தேடாத மூணு பயல்கள் கிடைத்துவிட்டார்கள். ஒரு பேர் குறைந்து கணக்கும் சரியாக நின்றது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை காலையில் சும்மாதான் மைதானத்துக்குப் போனேன், அந்த வெள்ளையை இன்னொரு தடவை பார்க்கலாமே என்று. பாம்பார்புரம் பக்கத்திலிருந்து ஒற்றைத் தடம் ஒன்று தனியாக வந்திருந்தது. மற்ற தடம் மாதிரி ஓடவில்லை, ஒரே அளவாக, நிதானமாக நடந்த தடம். அதன் முனையில் சமையல்கட்டு வாசலில் சிவகாமி நின்றுகொண்டு புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் போகவில்லை.

"லயம் இருக்கிற பிள்ள ஆறரைக்கு ஏன் வருது டீச்சர்?" என்று அப்போதுதான் அங்கே வந்த டீச்சரிடம் கேட்டேன். அவர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

முக்கால் மணி நேர நடை. ரோட்டை விட்டு வாட்டில் காட்டுக்குள் இறங்கியது தடம். தோல் பதனிடுவதற்கு அந்த மரத்தின் பட்டையை உரித்துத் திண்டுக்கல்லுக்கு அனுப்புவார்கள். காட்டுக்குள் பனி மரத்துக்கு மரம் துணி கட்டிவிட்ட மாதிரி தொங்கியது. திடீரென்று ஒரு சரிவு. அங்கே ஒரே வரிசையாக ஆறு அறை. பக்கத்தில் போய்ப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, சுவர் எல்லாம் பட்டைக் கட்டு. உரித்துக் கட்டுக்கட்டாகக் கட்டிய பட்டையைத் தோள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். மேலே புல்லும் ஒரு தார்ப்பாயும். ஒவ்வொரு அறை முன்னும் ஒரு முளைக்குச்சி. குச்சியில் சுண்ணாம்பால் எண். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு.

ரெண்டாம் எண்ணிலிருந்து சிவகாமியின் அப்பா முத்துசாமி வந்தார். "வாங்க, வாங்க. தேத்தண்ணி குடிங்க" என்று தகர டம்ளரில் கொடுத்தார். பால் இல்லை, இஞ்சி போட்டிருந்தது.

"இதாங்க எங்க லயம். அங்க இருந்த மாதிரியே நம்பரு போட்டுக்கிட்டோம். புள்ளைங்க மாறிப் போயிரக் கூடாதுல்ல."

நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த பட்டை, நல்ல சரக்கு. வியாபாரிக்குச் சரக்கு எது, வீடு எது என்று தெரியும்.

"அடுத்த லோடு என்னைக்கு?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமைங்க. லாரி வரும். ஏத்திவிட்டுட்டு கூக்கால் பக்கம் போகச் சொல்லியிருக்காரு காண்ட்ராக்டரு. அங்க புதுசா உரிச்சாத்தான் மறுபடி செவரு."

"சிவகாமி?"

"எங்களோட வரும். பின்ன தனியா விட்டுட்டா போறது?"

"பரீட்சை இருக்கே" என்றார் டீச்சர். "விடுதியில சேர்த்துக்கறோம். பேரு மட்டும் குடுங்க. ஃபார்ம்ல எழுதணும்." படிவத்தை நீட்டினார். அச்சில் தலைப்பு: வீடற்ற மாணவர் பட்டியல்.

முத்துசாமிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் காகிதத்தை மடித்து டீச்சரிடமே கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மா. அங்க எங்களுக்கு நாடில்லைன்னு எழுதினாங்க. அப்பாவும் பாட்டனும் தேயிலை நட்ட எடத்துல நாடற்றவன்னு பேப்பர்ல இருந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டுத்தான் கப்பலேறினோம். இங்க வந்து எம் புள்ளைய வீடற்றவன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களே? வேணாம்."

"அது சும்மா ஃபார்ம்தாங்க..."

"அதுவும் சும்மா ஃபார்ம்தாம்மா."

டீச்சர் படிவத்தைப் பைக்குள் வைத்தார். திரும்பி வரும் வழியில் வெயில் ஏறிப் பனியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. காடு முழுக்க மெல்ல மழை பெய்கிற மாதிரி சத்தம். "இருபத்தி நாலுதான் இடம்னு எழுதினீங்களே அண்ணாச்சி" என்று டீச்சர் கேட்டார். நான், "அது மூட்டைக் கணக்கு. பிள்ளைக ஒருக்களிச்சுப் படுக்கும்" என்றேன். ஆனால் இடம் இருந்து என்ன செய்ய? பேரை எழுத விடமாட்டேன் என்கிறாரே. அன்று சாயங்காலம் டீச்சர் படத்தில் வாட்டில் காட்டுக்கு ஒரு கோடு போட்டார். முழுக் கோடு போட மனசு வராமல் புள்ளி புள்ளியாகப் போட்டார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். மப்ளரைக் காதோடு சுற்றிய, இருமல் உள்ள மனிதர். நல்லவர். நாலு கலரில் ஊர் முழுக்க ஓடிய கோடுகளை மேஜையில் விரித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு கோட்டையும் விரலால் நடந்து பார்த்தார். கடைசியில் புள்ளிக் கோட்டுக்கு வந்தார்.

"இது என்ன டீச்சர், முடிவு பண்ணாம விட்டிருக்கீங்க?"

"ஒரு பொண்ணு சார். வீடு இருக்குன்னு சொல்றா."

"கூப்பிடுங்க."

சிவகாமி வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள். கையைக் கட்டிக்கொள்ளவில்லை.

"உனக்கு வீடு இருக்காம்மா?"

"இருக்குங்க சார்."

"எப்படி வீடு?"

"ஆறு காம்பராங்க. எங்களது ரெண்டாவது."

"செவரு, கூரையெல்லாம் இருக்கா?"

"இருக்குங்க. பட்டைச் செவரு. காத்து வராது."

ஆபீசர் டீச்சரைப் பார்த்தார். "வீடு இருக்கே. பின்ன எப்படி எழுதறது?" பேனாவை மூடப் போனார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்குங்க சார்" என்றாள் சிவகாமி.

"அப்புறம்?"

"லாரியில ஏத்திருவாங்க."

"யாரை?"

"வீட்டைத்தாங்க."

ஆபீசர் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு பட்டியலை இழுத்து, அச்சடித்த தலைப்பின் மேல் ஒரு கோடு போட்டார். அடித்த தலைப்புக்கு மேலே தம் கையால் "விடுதி மாணவர்" என்று எழுதினார். இருபத்தைந்தாவது வரியில் சிவகாமி பேரைப் போட்டார். வீடு என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று யோசித்தார். அவள் சொன்னதையே எழுதினார்: வெள்ளி வரை உண்டு.

வெள்ளிக்கிழமை காலை, நடந்ததை மகள் சொல்லக் கேட்டு, முத்துசாமி அவளையும் ஒரு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்கு வந்தார். பட்டியலைக் கேட்டு வாங்கினார். தலைப்பை விரல் வைத்துப் படித்தார், பிறகு மகள் பேரைப் படித்தார். உள்ளே போய் வடக்கு மூலையில் ஈரத்தைத் தொட்டு, "இங்க படுக்காத தாயி" என்று சொல்லிவிட்டு, தெற்குப் பக்கம் பெட்டியை வைத்தார். லோடு ஏற்ற நேரமாகிவிட்டது, சுணங்கினால் காண்ட்ராக்டர் ஏசுவார் என்று உடனே கிளம்பினார். மகள் வாசல் வரைக்கும் போனாள். அவர் போன திசையில் பனி இருந்தது. அவர் அதற்குள் போகும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து புத்தகத்தை எடுத்தாள். பரீட்சையில் தேறினாள். அதற்கு மேல் அவள் கதையை அவள்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

இனிப் போகிறவர்களுக்கு. பனித்தடம் பார்க்க ஜனவரிதான் சரி, அதிலும் மேகமில்லாத ராத்திரிக்கு அடுத்த காலை. ஆறரைக்கு ஏரிக்குப் பக்கத்துப் புல்வெளியில் இருங்கள், ஏழரைக்கு எல்லாம் முடிந்துவிடும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கம்பளி லாட்ஜில் தருவதை நம்பாமல் கையோடு கொண்டுபோங்கள். கூக்காலில் ஏரி அருமையாக இருக்கும், ஆனால் திரும்புகிற பஸ் நேரத்தைப் போன உடனேயே கேட்டுவிடுங்கள்.

எங்காவது பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரிக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் இருந்தால் ஒன்று சொல்வேன். படிவத்தை முதலில் பிள்ளையின் அப்பா கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் முகம் மாறினால் படிவத்தை மாற்றுங்கள். ஊரை விட்டுப் பேரை விட்டு வந்தவர்களுக்கு எந்தச் சொல் எங்கே குத்தும் என்று ஆபீசில் உட்கார்ந்து நமக்குத் தெரியாது.

இறங்குகிறபோது மலைப்பாதையில் முன்னால் லோடு லாரி போனால் அவசரப்பட்டு முந்தாதீர்கள். அன்று மத்தியானம் ரெண்டு மணிக்கு நாங்கள் கிளம்பினபோது எங்களுக்கு முன்னால் ஒரு பட்டை லாரி போய்க்கொண்டிருந்தது. சுப்பையா நாலு தடவை ஹாரன் அடித்தான். "வழி விடுறானான்னு பாருங்க மொதலாளி, நத்தை மாதிரி போறான். வெரசா போனாத்தான் சோலி முடியும்" என்று திட்டினான். வளைவில் அந்த லாரி திரும்பும்போது பட்டைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு முளைக்குச்சி செருகிக்கிடந்தது. ஏற்றினவர்கள் கவனிக்காமல் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அதில் சுண்ணாம்பில் ரெண்டு என்று எழுதியிருந்தது.

"விடுலே, அவன் பின்னாலயே போ" என்றேன்.

"ஏன், அதுல என்ன இருக்கு?"

மேகம் ரெண்டு லாரிக்கும் நடுவே வந்து வந்து போனது. டம்டம் பாறை வரைக்கும், அதற்குக் கீழே வெயில் வந்தபிறகும், வத்தலக்குண்டில் அது திண்டுக்கல் ரோட்டில் திரும்புகிற வரைக்கும், அந்த வீட்டுக்குப் பின்னாலேயே மெதுவாக இறங்கிப் போனோம்.